கடைசிப் பந்தி

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன புதன்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலில் நீ எடுத்துச் செய்த ரிசப்ஷனுக்கு நானும் வந்திருந்தேன், பெண் வீட்டு அழைப்பில். பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நுழையும்போது விளக்கு இறங்கி, பாட்டு ஏறி, பூ மழையாக விழுந்தது. ஒரு நொடி பிசகவில்லை. காதில் ஹெட்செட்டும் கையில் டேப்லெட்டுமாக நீ ஓடிய ஓட்டத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்த பெண் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் நீயே கூப்பிட்டு, "எப்படி இருந்ததுக்கா? குறை இருந்தா சொல்லுங்க" என்று கேட்டாய். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்று இரண்டு காட்சி பார்த்தேன்.

இரவு பத்தே முக்காலுக்கு நாலு பையன்கள் வந்தார்கள். மாப்பிள்ளையோடு ஒரே லைனில் நிற்கிறவர்கள். பி ஷிப்ட் முடிந்து, ஒரகடத்திலிருந்து இரண்டு பைக்கில், யூனிஃபார்முக்கு மேலேயே நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மேடையேறி கவரைக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், சாப்பாட்டு ஹாலுக்கு இறங்கினார்கள். அங்கே மேஜையைத் துடைத்து நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.

இன்னொன்று, பெண்ணின் அம்மா. ஸ்டோர் ரூம் வாசலில் தனியாக ஒரு நாற்காலியில், பட்டுப்புடவையோடு, கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா இங்க உக்காந்துட்ட? எல்லாம் அவங்க பாத்துக்கறாங்கல்ல?" என்றேன். "அதான்க்கா. எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க. நான் எங்க நிக்கறதுன்னு தெரியல" என்றாள்.

நீ செய்ததில் தப்பு எதுவும் இல்லை. ஒப்புக்கொண்ட வேலையை ஒன்று விடாமல் முடித்துக் கொடுத்தாய். ஆனால் இந்தத் தொழிலில் நம்மிடம் ஒப்படைக்கப்படுவது என்ன என்பது உனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்து மண்டபங்களில் 27 வருஷம் கல்யாண காண்ட்ராக்ட் எடுத்தவள் நான். மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு வரை எந்த மண்டபத்தில் எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வெட்டிங் பிளானர் என்ற பெயர் அப்போது இந்தப் பக்கம் வரவில்லை. என்னை 'பந்தல்கார அம்மா' என்பார்கள்.

அதற்கு முன்னால் இந்த வேலைக்கு ஆளே தேவைப்படவில்லை. பங்காளி வீட்டுப் பெரியப்பாவிடம் ஸ்டோர் சாவி இருக்கும். சித்தப்பா ஒருவர் சமையல்காரரோடு ராத்திரி முழுக்க அடுப்படியில் விழித்திருப்பார். எழுத்து நல்லா இருக்கிறவர் மொய் நோட்டில் உட்காருவார். வாழைமரம் கட்ட, பந்தி விசாரிக்க, வெளியூர்க்காரர்களுக்குப் படுக்கை போட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மனுஷர் இருந்தார். யாரும் எழுதி வைக்கவில்லை, யாருக்கும் கூலி இல்லை. பிறகு 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்தது. நடுவிலும் பின்னாலும் எத்தனையோ. விழுப்புரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் இன்னும் தெற்கிலிருந்தும் பிள்ளைகள் வந்து இங்கேயே வாடகைக்கு இருந்து, இங்கேயே வீடு கட்டி, இங்கேயே கல்யாணமும் வைக்கிறார்கள். பெரியப்பாவும் சித்தப்பாவும் வேன் பிடித்து முதல் நாள் சாயங்காலம் வருகிறார்கள், மறுநாள் மத்தியானம் கிளம்புகிறார்கள். விருந்தாளியாக வருகிறவரிடம் ஸ்டோர் சாவியைக் கொடுக்க முடியுமா? அந்தச் சாவிதான் இப்போது உன் கையில் இருக்கிறது.

உன்னிடம் வருவதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் அம்மா எங்கே போயிருப்பாள் என்று யோசித்துப் பார். சிங்கப்பெருமாள் கோவில் பாடலாத்ரி நரசிம்மரைச் சுற்றி வந்திருப்பாள். குகைக்குள் இருக்கிற அந்தப் பெருமாளை வலம் வந்தால் மலையையே சுற்றியதாகும், உனக்குத் தெரியும். வழியில் இருக்கிற அழிஞ்சில் மரத்தில் பெண்ணுக்கு வரன் அமையணும் என்று கட்டிவிட்டு வந்திருப்பாள். வரன் அமைந்த அன்றே அடுத்த பயம் பிடித்துக்கொண்டிருக்கும். இலை பத்தாமல் போனால்? சம்பந்தி வீட்டில் முகம் சுளித்தால்? லோன் போட்டும் நாலு பேர் குறை சொன்னால்? திருவிடந்தை தலபுராணத்தில் காலவ ரிஷி 360 பெண்களைப் பெற்று, அத்தனை பேரையும் கரையேற்ற வேண்டுமே என்று பெருமாளிடம் போய் நின்றார். நாளுக்கு ஒருத்தி என்று பெருமாளே கட்டிக்கொண்டதால்தான் அவர் நித்திய கல்யாணப் பெருமாள். அந்தக் கதையில் எனக்கு எப்போதும் அந்தத் தகப்பனின் முகம்தான் தெரியும். உன் ஆபீஸில் எதிர் நாற்காலியில் உட்காருவது அந்த முகம். அவர்கள் உனக்குப் பணம் கொடுப்பது அந்தப் பயம் இறங்குவதற்காக.

பயத்தோடு வருகிறவரிடம் எதையும் விற்றுவிடலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் ஆபத்து. "எல்லாரும் இப்ப டிரோன் வைக்கிறாங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வைத்துவிடுவார்கள். எல்.இ.டி. திரை, செண்டை மேளம், வாசலில் குளிர்ப்புகை, மூணு லேயர் கேக், எல்லாம் அந்த ஒரே வாக்கியத்தில் போய்விடும். உன் பில் ஏறும். அவர்கள் தூக்கம் இன்னும் குறையும்.

2021 செப்டம்பரில் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. பெரிய ஆலையில் இருந்தவர்களைப் பற்றிப் பேப்பரில் எழுதினார்கள். சின்னச் சின்ன உதிரிபாக ஷெட்டுகளில் வேலை பார்த்தவர்களைப் பற்றி அதிகம் யாரும் எழுதவில்லை. அப்படி ஒரு ஷெட்டில் இருந்த பையனுக்கு நிச்சயம் முடிந்து, 800 இலைக்கு என்னிடம் அட்வான்ஸும் கொடுத்திருந்தார்கள். பையனுக்கு வேலை போனது. பெண் வீட்டாரிடம் அதை மறைத்து, கடன் வாங்கியாவது பேசினபடி நடத்தப் பார்த்தார்கள். நான் அந்தப் பையனின் அப்பாவை டீக்கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, நோட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாக அடித்தேன். மண்டபத்தைச் சின்னதாக மாற்றினோம். ரிசப்ஷனையே எடுத்துவிட்டோம். 250 இலை. மேடைக்கு வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம், சாமந்தி மட்டும். நாதஸ்வரக்காரரைத் தொடவில்லை, சாப்பாட்டில் ஒரு பதார்த்தம்கூடக் குறைக்கவில்லை. சம்பந்தி வீட்டிடம் விஷயத்தைச் சொல்ல அவரோடு நானும் போனேன். அவர்கள் வீட்டிலும் அதே பயத்தில்தான் இருந்தார்கள். இரண்டு வீடும் ஒருவரிடம் ஒருவர் வீறாப்பாக மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சொன்னதும் அந்தப் பெண்ணின் அம்மா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் கல்யாணத்தில் எனக்கு வந்த வருமானம் குறைவு. 27 வருஷத்தில் நான் செய்த நல்ல வேலை அதுதான்.

இனி கமிஷன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். தொழிலுக்கு வந்த மூணாவது வருஷம், ஒரு சமையல் காண்ட்ராக்டர் இலைக்கு இவ்வளவு என்று எனக்கு ஒதுக்கினார். எல்லாரும் வாங்குவதுதானே என்று வாங்கிக்கொண்டேன். கல்யாணத்தன்று மூணாவது பந்தியில் சாம்பாரில் தண்ணீர் ஓடியது, பாயசம் பாதி இலைக்கு வரவில்லை. பெண்ணின் தாத்தா என்னைக் கூப்பிட்டு, "நீ கேளும்மா" என்றார். அடுப்படி வாசல் வரை போனேன். அந்த ஆள் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் வாய் எழவில்லை. அவர் காசு என் பையில் இருந்தது. திரும்பி வந்து தாத்தாவிடம், "கூட்டம் ஜாஸ்தி ஆயிடுச்சுங்க" என்று பொய் சொன்னேன். அதற்கப்புறம் யாரிடமும் வாங்கவில்லை. நம் கூலி இவ்வளவு என்று குடும்பத்திடம் தாளில் எழுதிக் கொடுத்து வாங்கு. மேக்கப், போட்டோ, டெக்கரேஷன், மண்டபம் என்று யார் கவர் நீட்டினாலும், அந்தத் தொகையைப் பில்லிலேயே குறைத்துப் போடச் சொல். மாசக் கணக்கில் கஷ்டமாக இருக்கும். ஆனால் அடுப்படி வாசலில் உனக்குக் குரல் இருக்கும்.

இலைக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாண வீட்டில் சண்டை வருகிற இடம் அதுதான். காண்ட்ராக்டர் ஆள் ஒரு கணக்கு சொல்வார், பெண்ணின் அப்பா மனசில் வேறு கணக்கு இருக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, எல்லாரும் களைத்துக் கிடக்கும்போது அதைப் பேச விடாதே. ஒவ்வொரு பந்தி எழுந்ததும் காண்ட்ராக்டர் ஆளும் வீட்டு மனுஷர் ஒருவரும் சேர்ந்து எண்ணி, அங்கேயே நோட்டில் கையெழுத்துப் போடட்டும். குறைந்தபட்ச இலை எத்தனை, அதற்கு மேல் போனால் என்ன விலை, சப்ளையர்கள் சாப்பிட்டது கணக்கில் சேருமா என்பதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கிற அன்றே கேட்டு எழுதிவிடு. மண்டபத்திலும் அப்படித்தான். உள்ளே நுழைந்ததும் கரண்ட் மீட்டர் ரீடிங்கை ஃபோனில் படம் எடு, சாவி திருப்பும்போது இன்னொரு படம். ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, கிளீனிங் சார்ஜ் தனியா, கேஸ் சிலிண்டர் யாருடையது, எல்லாம் தாளில் வரட்டும். நடக்காமல் போனால் என்ன என்பதும் வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு, பிறகு 50 பேரோடு கல்யாணம் நடத்திக்கொள்ளலாம் என்று சொன்ன காலத்தில், கட்டின அட்வான்ஸ் திரும்பி வராமல் எத்தனை குடும்பம் அலைந்தது தெரியுமா? எந்தத் தாளிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வரியை எழுதி வாங்காதவர்களில் நானும் ஒருத்தி.

நம் பக்கத்துக் கல்யாணத்துக்கு இன்னொரு பஞ்சாங்கம் இருக்கிறது. ஷிப்ட் பஞ்சாங்கம். ஐயர் குறித்துக் கொடுக்கும் நேரத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை முகூர்த்தம் என்றால் ஏழரையிலிருந்து ஒன்பது ராகுகாலம், அதனால் ஏழரைக்குள் தாலி ஏறணும், மேக்கப்காரப் பெண் மூணு மணிக்கே வந்துவிடணும் என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. அதோடு மாப்பிள்ளையிடமும் பெண்ணிடமும் இன்னொன்று கேட்டு வை: உங்க கூட வேலை செய்யறவங்க அந்த வாரம் எந்த ஷிப்ட்? ரிசப்ஷனுக்கு நைட் ஷிப்ட்காரர்கள் சாயங்காலம் ஆறரைக்கே வந்து நிற்பார்கள், எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கணும். காண்ட்ராக்டர் ஏழரைக்குத்தான் பந்தி என்று நிற்பார். அந்த முதல் ஐம்பது இலையை ஆறே முக்காலுக்குப் போடச் சொல்லிப் பேசி வை. பி ஷிப்ட்காரர்கள் பத்தரைக்கு மேல்தான் வருவார்கள். அவர்களுக்கென்று நாற்பது இலைக்கான சாப்பாட்டைச் சூடாக மூடிவைத்து, பரிமாற இரண்டு சப்ளையரை நிறுத்து. அதற்குக் கூடுதல் கூலி ஆகும், குடும்பத்திடம் முன்னாடியே சொல். இல்லை என்று எந்த அம்மாவும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்து மெஷினில் நிற்கிற பிள்ளைகளும் வருவார்கள். எந்த வரிசையில் உட்காருவது, இலையில் எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் தூணோரம் நிற்பார்கள். ஒரு ஆளை அனுப்பிக் கைபிடித்துக் கூட்டிப்போய் உட்காரவை. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் சிநேகிதனுக்காக வருகிறவர்கள் இவர்கள். லைனில் நின்றவள் நீ. இது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

பேனர் விஷயத்தில் மட்டும் யாருக்கும் வளைந்து கொடுக்காதே. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில், ஒரு கல்யாணத்துக்காக ரோட்டு நடுவில் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயசுப் பெண் தடுமாறி விழுந்தாள். பின்னால் வந்த லாரி ஏறிவிட்டது. வேலை முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. கன்டெய்னர் லாரி இரவும் பகலும் ஓடுகிற ஒரகடம் ரோட்டில் நாம் தொழில் செய்கிறோம். ரோட்டில் பேனர் கேட்டால், வேலையையே விட்டுவிட்டாலும் சரி, முடியாது என்று சொல். மண்டபக் காம்பவுண்டுக்குள் வாழைமரத்தைக் கட்டு.

வேறு சிலதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதார் கார்டைப் பார்த்து வயசை உறுதி செய்யாமல் அட்வான்ஸ் வாங்காதே. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகவில்லை என்றால் நீ பந்தக்கால் நடுவது குற்றம். சைல்டு ஹெல்ப்லைன் 1098-க்குச் சொல்ல வேண்டியவளும் நீதான். 2009 கல்யாணப் பதிவுச் சட்டப்படி எந்த முறைக் கல்யாணமானாலும் 90 நாளைக்குள் பதிவு செய்யணும். ஹனிமூன் அவசரத்தில் மறந்துவிடுவார்கள், பத்திரிகையையும் போட்டோவையும் ஒரு கவரில் போட்டு நீயே ஞாபகப்படுத்து. ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொள்கிற சுயமரியாதைக் கல்யாணத்துக்கும் 1968-லிருந்து நம் மாநிலத்தில் சட்ட அங்கீகாரம் இருக்கிறது. அப்படி ஒரு குடும்பம் வந்தால் அதே மரியாதையோடு எடுத்துச் செய். அன்பளிப்பாக வந்த பொருளுக்கெல்லாம் எழுத்தில் பட்டியல் போட்டுப் பொண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்திட வேண்டும் என்று 1985-லேயே விதி வந்துவிட்டது. யாரும் செய்வதில்லை. நீ செய்து கொடு, ஒரு காலத்தில் அந்தப் பெண்ணுக்குத் துணையாக இருக்கும். சீர்வரிசையை ரிசப்ஷன் மேடையில் விரித்து வைக்கச் சொன்னால் வேண்டாம் என்று பேசிப் பார். பார்க்க வந்த இன்னொரு பெண்ணின் அப்பா அன்று ராத்திரி தூங்க மாட்டார்.

இப்போது ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் வருகிறேன்.

வேலையை நீ எடுத்துக்கொள். அதற்குத்தான் கூலி வாங்குகிறாய். ஆனால் சில இடங்கள் வேலை மாதிரித் தெரியும், வேலை கிடையாது. நாத்தனார் முடிச்சு அப்படி. தாய்மாமன் மாலை அப்படி. வாசலில் சந்தனம் நீட்டுவது, இலைக்கு எதிரே வந்து "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்பது, மொய் நோட்டு, ஸ்டோர் சாவி, எல்லாம் அப்படித்தான். ஒரு கல்யாணத்தில், டான்ஸ் ஆடிக்கொண்டு பொண்ணு உள்ளே வருகிற மாதிரி அமைத்தார்கள். நேரம் இழுத்ததில் தாய்மாமன் கைபிடித்துக் கூட்டி வருகிற வழக்கம் விட்டுப்போனது. அவர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில், புது வேட்டியோடு வந்தவர். சத்தம் போடவில்லை. சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டார். அந்த அக்கா தம்பி பேச்சுவார்த்தை சரியாக இரண்டு வருஷம் ஆனது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நேர அட்டவணையில் அவருக்கு ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

முதல் சந்திப்பில் பட்ஜெட் கேட்கிறாய், தீம் கேட்கிறாய், கலர் கேட்கிறாய். அதற்கெல்லாம் முன்னால், "உங்க வீட்ல யார் யார் என்ன செய்யணும்னு ஆசைப்படறாங்க?" என்று கேட்டுப் பார். முதலில் முழிப்பார்கள். பிறகு, பெரியம்மாவுக்கு நலங்கு மாவு அவங்க கையால அரைக்கணும், தாத்தாவுக்கு மைக்கில் பேர் சொல்லி வரவேற்கணும், அண்ணனுக்குக் கடைசி வரைக்கும் பந்தியில் நிக்கணும் என்று ஒவ்வொன்றாக வரும். எழுதிக்கொள். அந்தப் பேர்களை உன் அட்டவணையில் நேரத்தோடு போடு. அந்த இடத்துக்கு உன் ஆளை அனுப்பாதே. அவர்களுக்குப் பின்னால் ஒரு ஆளை நிறுத்து, தட்டு காலியானால் நிரப்ப, தாகமெடுத்தால் தண்ணீர் கொடுக்க. வெளியே தெரியாத வேலை அது. படம் பிடித்துப் போட முடியாது. பத்து வருஷம் கழித்து அந்த வீட்டிலிருந்து அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், அப்போது தெரியும்.

அம்மாக்களுக்கு எப்போதும் ஸ்டோர் சாவியைக் கொடு. உள்ளே எடுக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும் கொடு. இடுப்பில் சாவியைச் செருகியதும் அவர்கள் நடையே மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அந்த நாலு பையன்களை நான் விடவில்லை. பின்னாலேயே போய், ஜி.எஸ்.டி. ரோட்டில் திறந்திருந்த ஒரு கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். "பரவால்லம்மா, பழகிடுச்சு" என்றான் ஒருவன். அந்தப் 'பழகிடுச்சு' என்னை ரெண்டு நாள் தூங்க விடவில்லை. மாப்பிள்ளைக்கு அது தெரியாது, நீயும் சொல்ல வேண்டாம்.

வைகாசியில் உனக்கு மூணு கல்யாணம் இருக்கிறது என்று சொன்னாய். முதல் கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்டரோடு பேசுகிற அன்று என்னைக் கூப்பிடு, கடைசிப் பந்திக்கான இலையை எழுதும்போது பக்கத்தில் இருக்கிறேன். ரிசப்ஷன் ராத்திரியும் வருகிறேன். ரொம்ப நேரம் நிற்க முழங்கால் ஒத்துழைக்காது. ஆனால் பத்தரை மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு உட்கார்ந்தபடி இலை எடுத்துக் கொடுக்க முடியும்.

அன்புடன்,
அக்கா